படம் பிடித்தால் கணக்கு நேராகிவிடுமா?

கேள்வி: “100 நாள் வேலைக்கு ஆள் வந்ததாகக் காட்ட, பழைய போட்டோவையே மறுபடி போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி படித்தேன். அப்பா ‘எல்லாரும் திருடனுங்கதான், விடு’ என்கிறார். அண்ணன் ‘முகத்தை ஸ்கேன் பண்ற மாதிரி வந்துட்டா ஒழிஞ்சுடும்’ என்கிறான். இந்தச் செயலியை எதிர்த்து டெல்லியில் உட்கார்ந்து போராடியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் அம்மா அந்த வேலைக்குத்தான் போகிறார். யார் சொல்வது சரி?”

அம்மா என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டில் இதை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

நான் சில வருஷம் வட மாவட்டங்களில் சமூகத் தணிக்கைக் குழுவில் வேலை பார்த்தவள். ஒரு ஊருக்குப் போய் நான்கைந்து நாள் தங்கி, வேலை அட்டை, பாஸ்புக், வருகைப் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வீடு வீடாகப் போய் விசாரித்து, கடைசி நாள் கிராம சபையில் எல்லார் முன்னாலும் உரக்க வாசிப்போம். 2005-இல் வந்த வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இந்த அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் பேசுகிறேன்.

நீங்கள் படித்த செய்தி உண்மை. அந்தச் செயலியின் பெயர் என்.எம்.எம்.எஸ். 2021 மே மாதம் அறிமுகமாகி, 2022-இல் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் கட்டாயமாகி, 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் வந்துவிட்டது. காலையில் ஒரு படம், மதியத்துக்குமேல் ஒரு படம், எந்த இடத்தில் எடுத்தது என்ற குறிப்போடு ஏற்ற வேண்டும். 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் எடுக்கிறார்கள், ஒரே ஆட்கள் பல பட்டியல்களில் நிற்கிறார்கள், பட்டியலில் பெண்கள் என்றிருக்கப் படத்தில் ஆண்கள் நிற்கிறார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. தீர்வாக என்ன சொன்னார்கள் தெரியுமா? ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்றார்கள்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஒரே ஒரு பணித்தளம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 25,000 படங்கள். சரிபார்க்க வேண்டியவர் ஊராட்சிச் செயலர். அவருக்கு வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு, அடுத்த வாரம் வரப்போகும் அமைச்சர் என்று ஏற்கெனவே தலைக்குமேல் வேலை. இவ்வளவு படங்களையும் உட்கார்ந்து பார்க்க ஆள் கிடையாது. யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டவர்கள்தான் படத்தைப் படம் எடுத்தார்கள். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். கேமராவை இன்னும் கூர்மையாக்குவதால் இந்த ஓட்டை அடைபடாது.

கேமராவுக்கு முன்னால் நிற்பவர்களுக்கு அது எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஏரிக்கரையில் பார்த்தது. காலையில் வந்த பெண்கள் அளந்துவிட்ட குழியை வெட்டி, மண்ணைச் சட்டியில் சுமந்து கரையில் கொட்டி, பதினொன்றரைக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டார்கள். வெயில் ஏறும் முன்னால் முடித்துவிடுவதுதான் அவர்கள் வழக்கம். ஆனால் மதியப் படம் எடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. வேலிக்காத்தான் மரத்தின் அரைகுறை நிழலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். பணித்தளப் பொறுப்பாளரும் அவர்களில் ஒருத்திதான். போன் அவருடைய சொந்தப் போன், ரீசார்ஜும் அவர் காசு. இரண்டு மணிக்கு எல்லாரையும் மண்வெட்டியோடு வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார். சிக்னல் இல்லை. கரையில் ஏறி, போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மதகு வரைக்கும் நடந்து போனார். கீழே ஐம்பது பேர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் ஏறவில்லை என்றால் அன்றையக் கூலி இழுபறிதான் என்று அவர்களுக்குத் தெரியும். வெட்டிய குழி கண்முன்னால் கிடக்கிறது, அதற்குச் சாட்சி சொல்லும் அதிகாரம் அங்கே யாருக்கும் இல்லை.

உழைத்தவள் தன் உழைப்பைத் தினம் இரண்டு தடவை நிரூபிக்க வேண்டும். கூலி கொடுக்க வேண்டியவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து 15 நாளில் கூலி வர வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் கடைசியிலிருந்து கூலி நின்றுபோனது. 1,056 கோடி ரூபாய் நிலுவை என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பொங்கலுக்குக் கையில் காசில்லாமல் நின்ற பெண்களை எனக்குத் தெரியும். அந்தத் தாமதத்தை எந்தச் செயலி படம் எடுத்தது? தாமதத்துக்கு இழப்பீடு உண்டு, நாளொன்றுக்கு 0.05 சதவீதம். அப்போதைய கூலி 319 ரூபாய்க்கு அது 16 காசு. அந்த 16 காசாவது வந்ததா என்று உங்கள் அம்மாவின் பாஸ்புக்கைப் பாருங்கள்.

தொழில்நுட்பத்தை நான் எதிர்க்கவில்லை. அது யார் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதுதான் என் கேள்வி. ரேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு, பொருள் வாங்கியதும் வீட்டுப் போனுக்கு என்ன வாங்கினோம் என்று குறுஞ்செய்தி வருகிறது. பருப்பு வாங்கவே இல்லை, வாங்கியதாகச் செய்தி வருகிறது என்றால் அந்த நிமிஷமே போய்க் கேட்கலாம். எத்தனையோ பெண்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் நியாயம் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் தொழில்நுட்பம்தான். அங்கே தகவல் மேலேயிருந்து மக்களிடம் வருகிறது. வருகைச் செயலியில் மக்களின் தகவல் மேலே மட்டும் போகிறது.

ஒரு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். வரத்துக் கால்வாய் தூர்வாரிய வேலையின் பட்டியலை மாரியம்மன் கோயில் எதிரே பந்தல் போட்டு வாசித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண்ணின் பெயரைப் படித்து, ‘6 நாள்’ என்றேன். பின்வரிசையில் நடுத்தர வயதில் ஒருத்தி எழுந்து, “நான் பதினொரு நாள் வந்தேன் மேடம்” என்றாள். செயலர், “எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க” என்றார். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள், கையில் சுவரிலிருந்து கழற்றிய மாதக் காலண்டர். பால் கணக்கு எழுதுகிற காலண்டர். ஒவ்வொரு தேதியிலும் அரை, ஒன்று என்று பால் அளவு. வேலைக்குப் போன நாட்களில் மட்டும் பக்கத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. நான் எண்ணினேன். பதினொன்று.

அதற்கப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்தக் காலண்டரைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் வாயைத் திறந்தார்கள். அதே பட்டியலில் 12 நாள் என்றிருந்த இன்னொரு பெயரை மறுபடி படிக்கச் சொன்னார்கள். படித்தேன். “அவங்க வெளியூர்ல மகள் வீட்டுல இருக்காங்க, போன தீபாவளிக்கு வந்ததோட சரி” என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. ஒரு வீட்டு நாளை எடுத்து இன்னொரு வீட்டுப் பெயரில் எழுதி, வந்த பணத்தில் ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கால்வாயில் இறங்கியவர்கள் 43 பேர். யார் வந்தார், யார் வரவில்லை என்பது அந்த 43 பேருக்கும் அத்துப்படி. படத்துக்கு முகம் தெரியும், ஆனால் அது யாருடைய முகம் என்று அக்கம்பக்கத்தாருக்குத்தான் தெரியும். அதுவரை ஏன் பேசவில்லை? தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை.

தொகையைத் திரும்ப வசூலிக்க உத்தரவு ஆனது. அந்தப் பெண்ணுக்கு ஐந்து நாள் கூலி வந்து சேர எட்டு மாதம் ஆயிற்று. எட்டு மாதம் நீளம்தான். ஆனாலும் அடுத்த முறை நாங்கள் அந்த ஊருக்குப் போனபோது பட்டியல் சுத்தமாக இருந்தது. ஏழெட்டு வீட்டில் காலண்டரில் பெருக்கல் குறி இருந்தது.

அப்பாவின் கோபத்தைப் பற்றி. அது நியாயமான கோபம், நானும் அப்படிப் பேசியவள்தான். ஆனால் ‘எல்லாரும் திருடன்’ என்று சொன்ன மறுநிமிஷம் எந்தத் திருடன், எந்த வாரம், எவ்வளவு என்ற கேள்வி செத்துப்போகிறது. எடுத்தவருக்கு அதைவிட நிம்மதி வேறில்லை. அந்த ஊர்ச் செயலர் ‘எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க’ என்றதும் இதே வகைப் பேச்சுதான். பதினொரு நாள் என்று எண்ணிக்கையோடு ஒருத்தி நின்றபோது அந்தப் பேச்சு எடுபடவில்லை.

இப்போது உங்கள் கேள்வி, போராட்டம். 2023 பிப்ரவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் தொழிலாளர் அமைப்புகள் 100 நாள் போராட்டம் என்று அறிவித்து உட்கார்ந்தது உண்மை, செயலி ரத்தாகவில்லை என்பதும் உண்மை. ஆனால் பல மாநிலங்களிலிருந்து புகாரும் போராட்டமும் குவிந்ததால் சில மாற்றங்கள் வந்தன. சிக்னல் இல்லாத இடத்தில் படத்தை எடுத்து வைத்துப் பிறகு ஏற்றலாம், முதல் படத்துக்கு நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது படம் எடுக்கலாம், தவிர்க்க முடியாத நிலையில் மாவட்ட அளவில் அனுமதி பெற்று வருகையைக் கையால் பதியலாம் என்று விதியில் சேர்த்தார்கள். ஏரிக்கரையில் மதகு வரைக்கும் நடந்தாரே, அந்தப் பொறுப்பாளருக்கு இந்த விதிகள் தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கிடைத்த சின்ன வெற்றிகூட ஊர் வரை வந்து சேராததால்தான் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றுகிறது.

இன்னும் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பட்டியலைப் பந்தல் போட்டு வாசிக்கும் இந்தப் பழக்கம் சர்க்கார் கண்டுபிடித்ததில்லை. ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் கிராமத்துக் கூலிக்காரர்களும் சேர்ந்து 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பஞ்ச காலத்து அரசு வேலைகளில் கூலி குறைத்துக் கொடுத்துவிட்டு, கேட்டால் ‘பட்டியலில் இவ்வளவுதான் இருக்கிறது’ என்பார்கள், பட்டியலைக் காட்டுங்கள் என்றால் ‘அது அரசு ரகசியம்’ என்பார்கள். 1994 டிசம்பர் 2-ஆம் தேதி, பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில், கிடைத்த நகல்களை ஊர் கூட்டி வாசித்தார்கள். மக்கள் விசாரணை என்ற வடிவம் அங்கேதான் பிறந்தது. 1996 ஏப்ரலில் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா. ‘நம்ம பணம், நம்ம கணக்கு’ என்பதுதான் கோஷம்.

அந்த இயக்கத்துப் பெண் ஒருவர், நாலாம் வகுப்புப் படித்தவர், டெல்லியில் பத்திரிகையாளர்களிடம் சொன்னது பரவலாக அறியப்பட்டது. மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் கோடி கோடியாய்ச் செலவு செய்கிற அரசிடம் கேட்கக் கூடாதா என்பதுதான் அவர் பேச்சின் சாரம். இதைவிட எளிமையாக யாராலும் விளக்க முடியாது.

அந்த 40-ஆவது நாளில் உங்களைப் போல ஒருவர் அங்கே நின்று ‘என்ன கிடைத்தது?’ என்று கேட்டிருந்தால், கையில் காட்ட ஒன்றும் இருந்திருக்காது. ராஜஸ்தானில் தகவல் சட்டம் வந்தது 2000-இல். தமிழ்நாடு 1997-லேயே ஒரு சட்டம் போட்டு முதல் மாநிலம் என்ற பெயர் வாங்கியது, ஆனால் அதில் விதிவிலக்குகள்தான் அதிகம். நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12-இல் நடைமுறைக்கு வந்தது. தர்ணாவிலிருந்து ஒன்பது வருஷத்துக்கு மேல். அதே ஆண்டில் வந்த வேலை உறுதிச் சட்டத்துக்குள் சமூகத் தணிக்கையும் இடம்பிடித்தது. பால் காலண்டரோடு வந்த பெண்ணுக்கும் பியாவரில் உட்கார்ந்தவர்களுக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அந்தக் கயிறு இப்போது அறுபடுகிறதே என்பதுதான் என் கவலை. தனிப்பட்ட மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2023-இல் ஒன்று வந்தது. நம் தரவுகளைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு எடுக்காமல் தடுக்கச் சட்டம் தேவைதான். ஆனால் அதன் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் விதிவிலக்குகளில் தனிநபர் விவரம் பற்றிய 8(1)(j) உட்பிரிவை மாற்றி எழுதியது. பொதுப்பணிக்குச் சம்பந்தமில்லாத, அந்தரங்கத்தில் தேவையின்றி நுழைகிற விவரத்தைத்தான் முன்பு மறுக்கலாம். பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்ற ஒரு சொல்லே மறுக்கப் போதும். 2025 நவம்பரில் இது நடைமுறைக்கும் வந்துவிட்டது. வருகைப் பட்டியல் என்பது என்ன? பெயர், நாள், தொகை. மூன்றும் தனிப்பட்ட தகவல் என்று ஒரு அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், பந்தலில் வாசிக்க எங்கள் கையில் என்ன இருக்கும்? பொதுநலன் கருதிக் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

வேலைச் சட்டமே மாறிவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். ஆம், 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழையதற்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றியது. 125 நாள் என்கிறது, செலவில் 40 சதவீதத்தை மாநிலத்தின் தலையில் வைக்கிறது, கைரேகை, செயற்கை நுண்ணறிவு என்று கண்காணிப்பைக் கூட்டுகிறது. சமூகத் தணிக்கையும் அதில் இருக்கிறது. எனக்குச் செயற்கை நுண்ணறிவைவிடத் தணிக்கை பற்றிய வரிதான் பெரிது. அதை உயிரோடு வைத்திருப்பது ஊரார் கையில்.

உங்கள் அண்ணனுக்குக் கணினி தெரியும் போலிருக்கிறது, அவரை இதில் இறக்கிவிடுங்கள். வேலை உறுதித் திட்ட இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று போனால் உங்கள் ஊர்ப் பட்டியல் வரும். அம்மாவின் வேலை அட்டை எண்ணைத் தொட்டால் எந்த வேலை, எத்தனை நாள், எவ்வளவு தொகை என்று வரிசையாகத் தெரியும். செயலியில் ஏறிய படங்களையும் பொதுமக்கள் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். அண்ணன் படிக்கட்டும், அம்மா சொல்லட்டும். ஒன்றிய அலுவலகத்தில் நூறு பேர் சேர்ந்து கண்டுபிடிக்க முடியாததை உங்கள் அம்மா அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

ஏதாவது உதைத்தால், எவ்வளவு வேலை நடந்தது என்று அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகலை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய்க்குக் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். இல்லாவிட்டால் மேல்முறையீடு. வருகைப் பட்டியலைவிட அளவுப் புத்தகத்தில்தான் பெரிய தொகைகள் ஒளிந்துகொள்ளும். சிமென்ட், ஜல்லி பில்களையும் சேர்த்துக் கேளுங்கள். பெண்களைத் தினம் இரண்டு தடவை படம் எடுக்கிறார்கள், தடுப்பணையில் எத்தனை மூட்டை சிமென்ட் போனது என்று அந்தப் படத்தில் தெரியாது. தகவல் உரிமைச் சட்டத்தின் 2-ஆவது பிரிவு, வேலையை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் மாதிரியைச் சான்றளித்துப் பெறவும்கூட உரிமை கொடுத்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

தனியாகப் போய்க் கேட்க வேண்டாம், குறிப்பாக அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். அடுத்த நாளிலிருந்து அவருக்கு மட்டும் தூரத்துக் குழியாக அளந்து விடுவார்கள். பத்துப் பெண்கள் சேர்ந்து கிராம சபையில் கேட்கட்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு மார்ச் 22-இலும் நவம்பர் 1-இலும் நம் மாநிலத்தில் கிராம சபை உண்டு. உள்ளே நுழையும்போதே நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். வருகைக்கு என்று தனியாக எழுதிய பக்கமா என்று பார்த்துப் போடுங்கள். வெற்றுத் தீர்மானப் பக்கத்தில் போடாதீர்கள். கேட்ட கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லி, அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.